பேரிங்கில் வைத்த பொட்டு

உளி மரத்தைத் தொட்டதும் எழும் அந்த ஓசை, பட்டுத்துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல அறுபடாமல் நீளும். சின்ன வயதில் கவிப்பிரியா அதைக் கேட்டபடிதான் தூங்குவாள். பாப்பாரப்பட்டியில் வீட்டை ஒட்டியே அப்பாவின் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு எல்லாம் அங்கேதான் உருண்டு திரண்டு வெளியே வரும்.

இப்போது அந்த ஓசை இல்லை. உளி வைத்தால் தடதடவென்கிறது. கடைந்த காலெல்லாம் அலை அலையாகத் தழும்பு. கட்டில் கடைக்காரர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"மிஷினுக்கு வயசாயிருச்சு" என்றார் அப்பா சென்னப்பன்.

மெக்கானிக் அருள்குமாரும் அதையேதான் சொன்னான். முதலில் பெல்ட் தேய்ந்தது என்று மாற்றினான். அப்புறம் உளியைத் தாங்கும் கட்டை. இந்த ஞாயிற்றுக்கிழமை பேரிங். தருமபுரி விடுதியிலிருந்து கவிப்பிரியா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தான். தடதடப்பு மட்டும் போனபாடில்லை.

அவன் ஏமாற்றுகிறான் என்று கவிப்பிரியா தன் அம்மா ரோசம்மாளிடம் சொல்லிப் பார்த்தாள். நல்ல பிள்ளையை அப்படிப் பேசாதே என்று அம்மா வாயை அடைத்தாள்.

கழற்றிய பேரிங் நாளிதழ்த் தாளில் கிடந்தது. அம்மா டீ கொண்டுவந்தாள். அருள்குமாருக்கு டம்ளர் நிறைய. அப்பாவுக்குப் பாதிதான்.

"பாலு விலை ஏறுனா எனக்குத்தான் கொறையுது, பாத்தியா அருளு" என்று சிரித்த அப்பா, டம்ளரைத் தொடாமல் கீழேயே விட்டிருந்தார்.

அருள்குமார் கை கழுவப் போன நேரத்தில், கவிப்பிரியா பேரிங்கின் விளிம்பில் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

புதிது வாங்கி வருகிறேன் என்று அதை எடுத்துக்கொண்டு போனவன் மதியம் திரும்பி வந்தான். மாட்டி முடித்து மூடியைப் போடுவதற்குள் அவள் குனிந்து பார்த்தாள்.

அதே பொட்டு.

அவன் கிளம்பும்வரை காத்திருந்தாள். தெருமுனையில் அவன் வண்டியை மறித்தாள்.

"கழுவித் தொடச்சு அதையேதான மாட்டுனீங்க, அண்ணா? இன்னும் எத்தனை நாளைக்கு எங்க வூட்ட ஏமாத்துவீங்க?"

அவன் வண்டியை அணைத்தான்.

"ஒரு டீயத் தவிர உங்க வூட்டுல நான் எதுவும் வாங்குனதில்ல, பாப்பா. கொஞ்சம் காது குடுத்துக் கேளு."

பட்டறையில் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

"பேரிங் தேஞ்சிருந்தா மரம் மாட்டாமயே உறுமும். உறுமுதா?"

அவள் பதில் சொல்லுமுன் உளி மரத்தில் பட்டது. தடதட, தடதட.

"உளி யாரு கையில இருக்கு, பாப்பா?"

அவளுக்கு அந்தப் பாதி டம்ளர் நினைவுக்கு வந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் சொன்னாங்க. மிஷின் அதிர்றதாலதான் கை நடுங்குதுன்னு அவரு நம்பிட்டிருக்காரு, நீயும் அப்படியே சொல்லிடுப்பா, இல்லாட்டி ஒடஞ்சு போயிருவாருன்னு."

"அப்ப, அப்பாவுக்குத்தான் தெரியாதா?"

அருள்குமார் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதுக்கு முந்துன வாரமே அப்பா என்னயத் தனியா கூப்புட்டாரு. மிஷின்ல ஒண்ணுமில்ல அருளு, கைதான். ஆனா மிஷின்னே சொல்லு, ரோசம்மாளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான்னாரு."

அடுத்த தவக்காலத்தில் சென்னப்பன் இறந்துபோனார். மிஷின்தான் கோளாறு என்று அவர் கடைசிவரை நம்பியதாக ரோசம்மாள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.