நாலாவது அடி

நாலாவது அடியில் அவள் மறுபடியும் விழுந்தாள்.

"என்ன கருமம் புடிச்ச கேம்டா இது!" டபுள் லாக், கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைத் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டார்.

விழுந்தது என் மகள்.

டபுள் லாக் என்பது எங்கள் சிறையின் சோதனை அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர். எந்தக் கதவையும் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பார். பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். வெளியிலிருந்து வரும் சோப்புக் கட்டிகூட அவர் நகத்தால் கீறிப் பார்க்காமல் எங்கள் கைக்கு வராது.

செல்போன் கூடாது. சிடி கூடாது. பென்டிரைவ் என்று கனவில்கூடச் சொல்லக் கூடாது. ஆனால் பொழுதுபோக்கு அறையில் யாரோ தானமாகக் கொடுத்த கிழட்டு வீடியோ கேம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கேசட் வரவழைத்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அதைக் கண்டுபிடித்தவர், எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுக்கும் கைதி. அவரை வக்கீல் என்போம்.

பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள். பார்க்க வரும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மடியில்தான் பாப்பா இருப்பாள். இறக்கிவிட இடம் கிடையாது. போட்டோ அனுப்பினார்கள். போட்டோவில் எல்லாரும் நிற்கத்தான் செய்கிறார்கள்.

எனக்கு அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

செல்போன் ரிப்பேர் செய்யும் என் மச்சான் களத்தில் இறங்கினான். செல்போனில் எடுத்த வீடியோவைப் பழைய கார் ரேஸ் கேசட்டில் ஏற்றித் தருகிறேன் என்றான். யானையைத் தீப்பெட்டிக்குள் படுக்க வைக்கிற வேலை.

முதல் கேசட்டில் நீலத் திரை மட்டும் வந்தது. "கடல் கேமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் டபுள் லாக். இரண்டாவதில் கூரையோடு ஏதோ ஒன்று தலைகீழாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. "பல்லி கேமா?" அதுவும் போனது.

மூன்றாவது இது. ஒன்பது நொடி. சத்தம் கிடையாது. பதினாறே நிறம். பாப்பாவின் முகம் மொத்தம் ஆறு புள்ளி. நடப்பாள், விழுவாள், மறுபடி முதலிலிருந்து நடப்பாள். "இன்னும் ஒரு நொடி சேர்த்தா பொட்டி மூச்சு திணறிடும் மாமா," என்று மச்சான் சொல்லியிருந்தான். சந்தேகம் வராமலிருக்க கேசட்டின் மேலே வாள் ஏந்திய வீரன் படத்தை வேறு ஒட்டி வைத்திருந்தான்.

இது விளையாட்டில்லை, வீடியோ என்று தெரிந்தால் கேசட் அடுப்புக்குப் போகும். ஆறு மாதத்துக்கு யாரும் என்னைப் பார்க்க வர முடியாது.

அதனால்தான் கேம் என்று சத்தியம் செய்தேன். அதனால்தான் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

"கத்தி எங்கடா?"

"கடைசி ரவுண்டுல வரும் சார்."

சிவப்புப் பட்டனை அழுத்தினார். விழுந்தாள். பச்சையை அழுத்தினார். விழுந்தாள். வளைவில் திரும்பும் பஸ் டிரைவர் மாதிரி உடம்பையே ஒரு பக்கம் சாய்த்தார். விழுந்தாள்.

"மூணாவது அடியிலயே தாவிடுங்க சார்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல்.

"நீ மனு எழுதின எவனாவது வெளிய போயிருக்கானா? வந்துட்டான் எனக்கு யோசனை சொல்ல!"

ஆனாலும் தாவிப் பார்த்தார். விழுந்தாள்.

ஜாய்ஸ்டிக் என் மடியில் வந்து விழுந்தது. "உன் கேம்தானே? நீ ஆடிக் காட்டு."

அதற்குள் இருபது முறை பார்த்துவிட்டேன். எப்போது எந்தக் காலை எடுப்பாள் என்று எனக்கு மனப்பாடம். இடது கால் எழும்போது இடது பட்டன். வலது எழும்போது வலது. மறுபடி இடது. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள் என்று நானே நம்பிவிட்டேன்.

நாலாவது அடி. விரல் நகம் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தேன்.

விழுந்தாள்.

"நீயும் அவ்வளவுதானா!" டபுள் லாக்குக்கு அதில் ஒரு திருப்தி. பதிவேட்டைத் திறந்தார். "ஆமா, பாயிண்டே வரலியே?"

"பாயிண்ட் இல்லாத ஆட்டம் சார்."

"என்ன எழவோ. எத்தனை வயசுக்காரங்க ஆடற கேம் இது? இங்க ஒரு கட்டம் இருக்கு, எழுதணும்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப் போன வாய்.

"பதினோரு மாசம் சார்."

பேனா நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். என் மடியிலிருந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்து, மேசைமேல் தள்ளி வைத்தார். யாருடைய கையும் அதன்மேல் இல்லை.

அவள் முதல் அடியை எடுத்து வைத்தாள்.

"சார், சார்! யாரும் தொடலையே, அதுவா நடக்குது!" வக்கீல் எழுந்தே விட்டார்.

"சும்மா இருய்யா. விழப் போறா."

சொல்லி முடிப்பதற்குள் டபுள் லாக்கின் இரண்டு கைகளும் திரையை நோக்கி நீண்டிருந்தன.

விழுந்தாள்.

நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பேனாவைத் தேடி எடுத்தார். உதட்டுக்குள் முணுமுணுத்தபடி எழுதினார்.

வகை: விளையாட்டு. வயது: பதினோரு மாதம்.