பனியன் திணித்த மாப்பிள்ளை

அவள் காலரைப் புரட்டிப் பார்த்தாள்.

லேபிள் இல்லை. கத்தரி பட்ட நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு என்றார் கடைக்காரர் யூனுஸ் பாய். வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் தெரியக் கூடாதென்று வெட்டிவிடுவார்களாம். பெயரோடு அளவும் போய்விடும்.

காதர்பேட்டைக் கடைத்தெருவில் இது குறையல்ல. பேரம் தொடங்கும் இடம்.

அத்தை தொடங்கினாள். அளவே தெரியாத சரக்குக்கு இந்த விலையா என்றாள். பாய் சிரித்தார். சிரிப்புக்குக் காசு கிடையாது என்பதால் நிறையவே சிரித்தார்.

வேண்டியது டெனிம் ஜாக்கெட். மாப்பிள்ளைக்கு. குன்னூரில் வேலை, குளிர். நிச்சயத் தட்டில் வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை உடம்பு எப்படி என்று பாய் கேட்டார்.

அத்தை கடைத் தூணைப் பார்த்தாள். பாயின் வயிற்றைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் என்றாள்.

கல்யாணப் பெண்ணான அவள் வாய்வரை வந்த பதிலை அடக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவர் அப்பா. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் தேடிப் போன வழியில் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள். தரகருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

தெரிந்தால் நிச்சயம் நின்றுவிடும். காதல் கல்யாணம் நடக்கும் வீட்டில் அப்பா பந்திக்குக்கூட உட்கார மாட்டார்.

ஆகவே, அவள் அவனைப் பார்த்தது ஒரே ஒரு முறை. பெண் பார்க்க வந்த அன்று. காப்பித் தட்டுக்கு மேலாக.

வீட்டுக்குச் சொன்ன கணக்கு அதுதான்.

அவர்கள் வீட்டுக்கே போன் போட்டு அளவைக் கேட்டுவிடலாம் என்றாள் அத்தை. வேண்டாம், தட்டில் பார்க்கும்போது தெரிந்தால் போதும் என்றாள் அவள்.

பாய் ஒன்றைத் தானே மாட்டிக் காட்டினார். வயிற்றை மன்னித்துவிட்டுத் தோளை மட்டும் பார்க்கச் சொன்னார். தோள் தையல் கையில் இறங்கக் கூடாது. பைக் ஓட்டுகிறவர் என்றால் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னால் குனிந்தார்.

முதுகில் ஜாக்கெட் மேலே ஏறியது.

இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும், அவர் ரொம்பக் குனிந்துதான் ஓட்டுவார் என்றாள் அவள்.

அத்தை திரும்பினாள். மாப்பிள்ளை வீட்டார் காரில் அல்லவா வந்தார்கள் என்றாள்.

போட்டோவில் பார்த்தேன் என்றாள் அவள்.

பாய்க்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்று ஜாக்கெட்டுகளுக்குப் பொத்தானைப் போட்டார். உள்ளே பனியன் கட்டுகளைத் திணித்தார். மேசைமேல் வரிசையாக நிறுத்தினார்.

தலையில்லாத மூன்று மாப்பிள்ளைகள். முதுகைக் காட்டிக்கொண்டு.

பெரியது மாமாவுக்கு ஆகுமே என்று அத்தையிடம் நூல் விட்டுப் பார்த்தார். அந்தத் தொப்பைக்கு டெனிம் ஒன்றுதான் குறைச்சல் என்றாள் அத்தை. விட்ட இடத்திலிருந்து விலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் முதல் மாப்பிள்ளையின் பின்னால் நின்றாள்.

இரண்டு கைகளையும் சுற்றிப் போட்டாள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

இவன் இல்லை.

இரண்டாவது.

விரல்கள் சந்தித்தன. கோத்துக்கொண்டன. கன்னம் தானாக இடப்பக்கம் திரும்பி, தோளுக்குக் கீழே இருந்த தையலில் போய் அமர்ந்தது.

மேலே மின்விசிறி சுற்றியது. அவள் முடி பறந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவு ஒன்று வந்தது போல உடம்பு லேசாகச் சாய்ந்தது.

"இதுதானுங்க."

பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

பாய் கையிலிருந்த டேப்பை ரொம்பக் கவனமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை பேரத்தை நிறுத்தியிருந்தாள். பாதி வாக்கியத்தில். அப்படி நடந்து அந்தக் கடை பார்த்ததில்லை.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அவரு சோபாவ விட்டு எந்திரிக்கவே இல்லியே, அம்மிணி."

அவள் மாப்பிள்ளையை விட்டுவிட்டாள். காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தையின் போன் அடித்தது. திரையில் அப்பாவின் முகம். போன வேலை என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்.

அத்தை போனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"கெடச்சிருச்சுங்ணா. பாய் ஆளப் பாக்காமயே அளவு சொல்லிப்புட்டாரு. கெட்டிக்காரரு."

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை. கெட்டிக்காரர்தான்.

போனைப் பையில் போட்டபடி, அப்பா முன்னால் எதையும் இப்படி அளந்து தொலைக்காதே என்றாள் அத்தை. குரலில் கோபம் இருந்தது. முகத்தில் இல்லை.

அவள் பையை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். தெரு முழுக்க வெயில். சிரிப்பை அடக்க உதட்டை மடித்துக்கொண்டாள்.

அத்தை வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

மேசையருகே, மாமாவுக்கு ஆகும் என்று பாய் சொன்ன மூன்றாவது மாப்பிள்ளைக்குப் பின்னால் அத்தை நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கைகளைச் சுற்றிப் போட்டாள்.

விரல்கள் சுலபமாகக் கோத்துக்கொண்டன.

அத்தை முகம் சுளித்தாள்.

"இன்னும் ரெண்டு கட்டு திணிங்க, பாய்."