பத்துக்குப் பத்து

நாட்டிலேயே மகிழ்ச்சியான ஊர் எங்கள் கிட்வேதான் என்று வானொலியில் சொன்னபோது நான் ஓட்டும் மினிபஸ் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது.

வண்டி நிறைய ஆட்கள். அக்டோபர் வெயில். ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நாங்கள் போய்க்கொண்டிருந்த பேட்டையின் பெயர் சிம்வெம்வே. மகிழ்ச்சி என்று பொருள். அந்த மகிழ்ச்சியில் ஒரு வாரமாகக் குழாயில் தண்ணீர் இல்லை.

யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் போன் செய்து, உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு போடுவீர்கள் என்று கேட்டார்களாம். அதில்தான் நாங்கள் முதல். அறிவிப்பாளர் வாழ்த்துச் சொல்லி முடித்ததும் ஒரு அதிகாரி பேசினார். மக்கள் மனநிறைவோடுதான் இருக்கிறார்கள், குறை சொல்வது ஒரு சிலருக்கு வழக்கமாகிவிட்டது என்றார்.

அதோடு சிரிப்பு நின்றது.

நடு இருக்கையில் கபாசோ இருந்தான். சுரங்கத்தில் வேலை போனதிலிருந்து அவன் பேச்சில் சூடு அதிகம். இனிமேல் தண்ணீர் கேட்டுப் போனால் இந்த மார்க்கைத்தான் மூஞ்சிக்கு நேரே நீட்டுவார்கள் என்றான். இதைப் போட்டவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்றான். யாருக்காவது அப்படிப் போன் வந்ததா என்று வண்டிக்குள் விசாரணை நடந்தது. தன் கொழுந்தனுக்கு வந்திருக்கும், எழவு வீட்டிலும் இளிக்கிற ஆள் அவன் ஒருவன்தான் என்றாள் ஒருத்தி.

"எனக்கு வந்துச்சுப்பா."

சொன்னவர் பின்வரிசையில் இருந்த கசோண்டே. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடிக்கடி என் வண்டியில் வருவார். ஏறும்போது ஒரு வணக்கம், இறங்கும்போது ஒரு நன்றி. நடுவில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

கபாசோ முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தான். எத்தனை போட்டீர்கள் என்று கேட்டான்.

பத்து என்றார் கசோண்டே.

வண்டியில் ஒரே கூச்சல். கபாசோ மட்டும் கத்தவில்லை. அவனுக்குக் குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

"என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்த விட்டுட்டுத் தண்ணி சுமக்குதுங்க, ஐயா. உங்களுக்குப் பத்தா? உங்க வீட்டுல மட்டும் தனியா ஆறு ஓடுதா?"

இப்போதே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள், பூஜ்யம் என்று சொல்லுங்கள் என்று எழுந்தே நின்றுவிட்டான். கசோண்டேவின் பக்கத்தில் இருந்த தக்காளிக்காரி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். மகன் பெயரை வைத்து அவளை எல்லோரும் பனா சிசெங்கா என்றுதான் கூப்பிடுவோம், சிசெங்காவின் அம்மா என்று. கசோண்டேவுக்கு எதிர்வீடு. விடுப்பா, அவர் வாழ்க்கைக்கு அவர் போட்டார் என்றாள்.

கசோண்டே கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். போன் செய்தது ஒரு சின்னப் பெண். நம் பெம்பா மொழியில் மரியாதையாகப் பேசினாள். வயது கேட்டாள், வேலை கேட்டாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு, நானும் என் வீட்டுக்காரியும்னு சொன்னேன். அவங்ககிட்டயும் பேசலாமான்னு கேட்டுது. இப்ப வேணாம்மா, அடுப்புல பூசணிக்கீரை வெந்துகிட்டிருக்கு, வேர்க்கடலைப் பொடி போடுற நேரத்துல கூப்பிட்டா என்னையத்தான் திட்டுவா அப்படின்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுது. அதுக்கு அடுத்த கேள்விதான் இந்த மார்க்கு. நான் வேற என்னப்பா போடுறது?"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கீரைக்கு நானே ஒன்பது போடுவேன் என்றான் ஒருவன். கபாசோவுக்கு அடக்கியும் முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. ஊருக்காக இரண்டு மார்க்காவது குறைக்கச் சொல்லுங்கள் என்றான். பார்க்கலாம் என்றார் கசோண்டே.

சரக்கு ரயில் போய் முடிந்தது. கேட் திறந்தார்கள்.

தேவாலய முனையில் கசோண்டே இறங்கி எனக்கு நன்றி சொன்னார். கபாசோ ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க ஐயா," என்றான். அவர் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். பிறகு தெருவுக்குள் போய்விட்டார்.

பனா சிசெங்காவுக்கும் அதே நிறுத்தம்தான். அவள் இறங்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன். நகர்த்து என்று தலையை அசைத்தாள்.

கொஞ்ச தூரம் வந்த பிறகு சொன்னாள். கசோண்டேவின் மனைவியை, எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூன் மாதத்திலேயே புதைத்தாகிவிட்டது. குளிப்பாட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

போன் எப்போது வந்தது என்று கேட்டான் கபாசோ.

"போன மாசம். வாசப்படியில உக்காந்துதான் பேசினாரு. நான் எதிர்ல தக்காளி தொடச்சுகிட்டிருந்தேன். அடுப்புல தீயே இல்லப்பா."

கபாசோ முன்னால் திரும்பி உட்கார்ந்தான். உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு வண்டியை நிறுத்தச் சொன்னான்.

அவன் இறங்கும் இடம் இன்னும் தள்ளி இருந்தது. பனா சிசெங்காவின் தக்காளிக் கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவளோடு இறங்கினான். இருவரும் வந்த வழியே நடக்கத் தொடங்கினார்கள்.

இரண்டடி போனவன் நின்று, என் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அது பத்தாவே இருக்கட்டும்," என்றான்.