இரண்டு கொக்கிகள்

“ஏம்ப்பா அலோசியஸ், நம்ம பாதையை அடைக்கிறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா தொரைக்கு?”

கேட்டவர் தோட்டத்துச் சங்கத் தலைவர் வீரய்யா. அவருக்குப் பின்னால் கொழுந்துக் கூடைகளோடு பத்துப் பெண்கள் நின்றார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து நோர்வூட் ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதையின் நடுவே, தோட்டத்துத் தச்சன் அலோசியஸ் இரும்பு கேட் மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் முள்ளுக்கம்பி.

“தொரை சொன்னாச் செய்யணும். இல்லேன்னா வேலையும் போயிரும், குடியிருக்கிற காம்பராவும் போயிரும். நான் என்ன வீரனாவா பொறந்தேன்? தச்சனாப் பொறந்தேன். அதுவும் அரைத் தச்சன்.”

“ஞாயித்துக்கிழமை நோர்வூட்ல இலங்கைப் பிரஜாவுரிமை மனு எழுதித் தர்றாங்க. அதோட கெடு முடியுது. மனு எழுத வர்ற சங்கத்து ஆளுங்களையும் தொரை உள்ளே விட மாட்டேங்கிறாரு. ஸ்டோர் ரோட்டுல போனா வாச்சர் எங்க பேரை எழுதித் தொரைகிட்டக் குடுத்துருவான். இந்தப் பாதையும் இல்லேன்னா நாங்க எப்படிப் போறது?”

“நான் மாட்டுன கதவு எது ஒழுங்கா நின்னிருக்கு, இது நிக்க?” என்றான் அலோசியஸ், தலை நிமிராமல்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் திட்டுவதற்கு முன்னால் தன்னைத் தானே திட்டிக்கொள்வது அலோசியஸின் வழக்கம். அப்படிச் செய்தால் வலி குறைவு என்பது அவன் எண்ணம். அன்றைக்கு அது பலிக்கவில்லை. வீரய்யா காறித் துப்பிவிட்டு நடந்தார்.

தூணில் இரண்டு கொக்கிகளை முடுக்கினான். கேட்டிலிருந்த இரண்டு வளையங்களையும் அவற்றில் இறக்கினான். மறுபக்கம் சங்கிலியும் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டும். துரை வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பீலியில் தண்ணீர் எடுத்து வந்த மனைவி சுகிர்தம், குடத்தைத் தொப்பென்று வைத்தாள்.

“பீலியில ஒருத்தி எங்கூடப் பேசல. நான் போனதும் எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டு நகந்துட்டாளுக. ஒங்களைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு எனக்கு இது தேவைதான்.”

“எங்கூட நானே பேசுறதில்ல புள்ள” என்றான் அவன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட் தேயிலைச் செடிகளின் மேல் சாய்ந்து கிடந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. முள்ளுக்கம்பியில் ஒரு வெட்டு இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் லயமே நோர்வூட்டுக்குப் போய், மனு எழுதிக் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பியிருந்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் துரை அலோசியஸைக் கூப்பிட்டார். துரை தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவார்.

“பூட்டு நல்லா இருக்கு. சாவி என் பையில இருக்கு. யாரோ கொக்கிப் பக்கத்தால கேட்டைத் தூக்கி எடுத்திருக்கான். மேல் கொக்கி கீழே பாக்கணும். அப்போ யாரும் தூக்க முடியாது. ரெண்டு கொக்கியும் ஏன் மேலே பாக்குது? சங்கம் சொல்லிச் செஞ்சியா?”

வீரய்யாவின் முகம் வெளுத்தது. அலோசியஸின் தலை போனால் அடுத்தது அவருடையதுதான்.

“எனக்கு அறிவு கொஞ்சம் மட்டுங்க தொரை” என்றான் அலோசியஸ்.

“கொக்கி வந்த பெட்டியில படம் இருந்துச்சு. பாக்கலையா?”

“பாத்தேங்க. ஒரு கொக்கி மேல பாத்துச்சு, ஒண்ணு கீழ பாத்துச்சு. அச்சடிச்சவன் தூக்கக் கலக்கத்துல ஒண்ணைத் தலைகீழாப் போட்டுட்டான்னு நெனச்சேங்க. அதான் நான் திருத்தி மாட்டுனேன்.”

“வெள்ளைக்காரன் போட்ட படத்தை நீ திருத்தினியா?”

“ஆமாங்க. சும்மாதான் திருத்துனேன், அதுக்குத் தனிச் சம்பளம் கேக்கல.”

கணக்குப்பிள்ளை சால்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். துரை கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இப்படி ஒரு முட்டாளை எந்தச் சங்கமும் நம்பாது. அட்டன் டவுன்லேருந்து வேற ஆள் வருவான். இனிமே கேட்டை நீ தொடாதே. போ.”

சாயங்காலம் லயத்து வாசலில் செவ்வந்தி மாலையோடு வீரய்யா காத்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு அலோசியஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நூத்திப் பன்னெண்டு மனுவப்பா. எல்லாம் ஒன்னாலதான். ‘எது நின்னிருக்கு, இது நிக்க’ன்னு அன்னைக்கே நீ சாடை காட்டுனே, எங்க மரமண்டைக்குத்தான் ஏறல. கொக்கியைப் பாத்தப்பறம்தான் வெளங்குச்சு. ஒன்னையப் போயி காறித் துப்புனேனே, மன்னிச்சுக்கப்பா.”

அலோசியஸ் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அடக்கத்தைப் பார்த்துப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

காம்பராவுக்குள் சுகிர்தம் சீனி கூடுதலாகப் போட்டு பிளேன்டீ கொடுத்தாள். இத்தனை வருசத்தில் அவள் அவனைப் பெருமையோடு பார்த்தது அன்றுதான்.

“எம்புட்டு தைரியம் ஒங்களுக்கு! எங்கிட்டகூட மூச்சு விடலையே. ஆனா ஒண்ணு. தொரைக்கு முன்னால அம்புட்டுப் பொய்யையும் முகம் மாறாமச் சொல்லிட்டீங்க. நல்ல காரியத்துக்குன்னாலும் பொய் பொய்தான். வர்ற ஞாயித்துக்கிழமை மாதா கோயில் சாமியார்கிட்டப் போயி, அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிருங்க.”

அலோசியஸ் மாலையைக் கழற்றி, தான் அறைந்த ஆணியில் மாட்டினான். மாலையோடு ஆணியும் கீழே வந்தது. அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

“அங்க போயி நான் எதைச் சொல்ல? மாதா மேல சத்தியமா, தொரைகிட்ட நான் ஒரு பொய்கூடச் சொல்லல புள்ள.”