மருமகள் பக்குவம்

கிறிஸ்துமஸ் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்து, தட்டை அடுப்புக்குள் தள்ளினாள் ஜெசிந்தா. அந்த அடுப்பு மாவை மோந்து பார்த்துவிட்டு, அதே மாவைச் சுட்ட மற்ற வீட்டு அடுப்புகளிடம் சூடு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளும். இவள் மாவுக்கு மட்டும் வருஷந்தோறும், "இந்த மாவு வேறெங்கும் இல்லை" என்று சொல்லிவிடும். அதைக் கேட்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

சாதிக்காயோடு ஒரு சிட்டிகை சுக்கு என்ற ரகசியத்தை, தாலி ஏறிய அன்றுதான் மாமியார் அவள் காதில் சொன்னாள்.

"பெத்த மகளுக்கே சொன்னதில்ல. இது மருமகளுக்கு மட்டுந்தான்."

மாமியாருக்கு ஒரே மகன், ரெஜினால்டு.

இன்று அடுப்பு வேறொன்று சொன்னது. "இதே மாவு காலையில் மதுரையில் ஒரு வீட்டில் வெந்திருக்கிறது. அதே சூடு வைக்கட்டுமா?"

ரெஜினால்டுக்குப் பாதி வாரம் மதுரையில்தான் வேலை. ஜெசிந்தா பின்னால் நின்ற மாமியாரிடம் திரும்பினாள்.

"அத்தை, மதுரையில யாருக்குச் சொன்னீங்க?"

மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிஸ்கட்டப் பாரும்மா, கருகிறப் போவுது."

அடுப்பில் இன்னும் சூடே ஏறவில்லை. ஜெசிந்தாவின் பதிலுக்காகத்தான் அது காத்திருந்தது.