பொட்டலத்தில் ஒன்று குறைந்தது

"பாத்தியா, எடுத்துப்போட்டா!"

கண்மணி மகள் வான்மதியின் கையைக் கிள்ளினாள்.

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோ ஊரில் ஒரு சீன மூலிகைக் கடை. இருமலுக்கு ஏழு சரக்கை எடை போட்டுக் காகிதத்தில் பரப்பிய கடைக்காரம்மா, அப்பாவுக்கு வயசென்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். வான்மதி சொன்னதும், மஞ்சள் துண்டுகளை மட்டும் பொறுக்கித் திரும்ப டிராயரில் போட்டுவிட்டாள்.

"ஏழுன்னு சொல்லிப்போட்டு ஆறக் கட்டறா! நமக்கு என்ன தெரியும்னு நெனப்பு."

"அம்மா, ஸ்டாப் இட். ஷீ கேன் ஹியர் யூ."

"கேக்கட்டும்!"

கடைக்காரம்மா கையை ஆட்டி ஏதோ சொல்ல வந்தாள். கண்மணி காதில் வாங்கவில்லை. மேஜையில் சிந்திக்கிடந்த ஒரு மஞ்சள் துண்டைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பொட்டலத்தோடு வான்மதி பின்னாலேயே ஓடிவந்தாள்.

காரில் கண்மணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிடார் மர மகரந்தம் பறக்கிற ஜனவரி. வீட்டுக்காரர் நஞ்சுண்டனுக்கு இருபது நாளாய் இருமல். வேளை தவறாமல் கசாயம் வைத்துக் கொடுத்தும் நிற்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் அல்லவா ஏறிக்கொண்டே போகிறது!

வீட்டில் நஞ்சுண்டன் பிரஷர் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுங்க?"

"நூத்தி எழுவத்தி நாலு."

கண்மணியின் ஆத்திரமெல்லாம் கடைக்காரியின்மேல் திரும்பியது.

"நல்ல சரக்க உருவிக்கிட்டு மிச்சத்தக் கட்டிக் குடுத்துட்டாங்க. இதப் பாருங்க!"

நஞ்சுண்டன் துண்டை முகர்ந்தார். நுனியைக் கடித்தார்.

"இனிக்குது புள்ள. நம்ம அதிமதுரமாட்ட இருக்குது."

வான்மதி பொட்டலத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

"அம்மா, 'நோ லிகரிஸ்'னு எழுதிருக்காங்க. அப்பா கடிச்ச அந்த ஸ்வீட் ரூட். அது பிளட் பிரஷர ஏத்துமாம். தட்ஸ் ஒய் ஷீ டுக் இட் அவுட்."

கண்மணி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நஞ்சுண்டன் இருமிக்கொண்டே பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனார். அவள் பாய்ந்து பிடுங்கினாள்.

கசப்பென்றால் குடிக்கமாட்டாரென்று, இருபது நாளாய்க் கைநிறைய அதிமதுரத்தை அள்ளிப்போட்டு அவளே காய்ச்சிக் கொடுத்த கசாயம்.