வாசல் எறும்பின் முடிவு

அந்தப் புற்றில் உழைப்பது ஆயிரம் எறும்புகள். முடிவெடுப்பது ராணி மட்டும். அதன் உத்தரவில்லாமல் ஒரு முட்டையைக்கூட நகர்த்தக் கூடாது. ஒருநாள் மழைத் தண்ணீர் வாசலுக்குள் வந்துவிட்டது.

“ஆத்தாவோட உத்தரவு கேட்க ஆள் போயிருக்கு” என்றது முட்டைக் காவல் எறும்பு.

“ஆளுக்கு முன்னாடி தண்ணி போய்ச் சேர்ந்துடும். தூக்குங்கடி” என்றது வாசல் எறும்பு.

முட்டைகளைத் தூக்கின. தூங்கிக்கொண்டிருந்த ராணியையும் தூக்கின. மேட்டில் இறக்கியதும் ராணி விழித்துக்கொண்டது.

“யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?”

“தண்ணி எங்க காலைத்தான் நனைச்சுது, ஆத்தா. உங்களைக் கேட்க நேரமில்ல” என்றது வாசல் எறும்பு.

ராணி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. ஒன்றுகூட நனையவில்லை.

“இனிமே கேட்க வேணாம். என்னைத் தூக்கும்போது மட்டும் எழுப்புங்க” என்றது.